சளிக்காரர் பேசவில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் அடங்கித்தான் இருக்கிறது, எனக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் முனகுகிறது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குத் திடீரென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அவர் காதைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. செய்தியாகத் தட்டி அனுப்பினால் நீ பதில் போடுவாய், அது வந்து சேரும்போது போன் அப்பா கையில் இருந்தால் அத்தனையையும் சத்தமாக வாசித்துத் தள்ளிவிடும். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசலாம்தான், ஆனால் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், நான் அழுது தொலைப்பேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். என் கையெழுத்து ஒன்றைத்தான் இந்த வீட்டில் எந்த இயந்திரத்தாலும் வாசிக்க முடியாது. அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சிரிக்காமல் பொறுமையாகப் படி. மாப்பிள்ளையிடமும் காட்டு, அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான், சளிக்காரர் பேசுவதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை யாரோ உறவுக்காரர் என்று நினைத்துப் பதறப்போகிறார், சளிக்காரர் என்பது அப்பாவின் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற குரல். அப்பாவுக்குப் பார்வை இல்லாததால் திரையில் இருப்பதையெல்லாம் அதுதான் அவருக்கு வாசித்துச் சொல்லும், அவர் ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தை உடனே காதில் சொல்லும், தப்பாகத் தட்டினால் அதையும் சொல்லும். மூக்கு அடைத்த ஆள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. சளிக்காரர் இன்றைக்கு வேகமாகப் பேசுகிறார், சளிக்காரர் தூங்கிவிட்டார் என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். அந்த மென்பொருளுக்கு இங்கிலீஷில் வேறு பெயர் இருக்கும் என்பதே இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

அப்பாவின் வேலை மாப்பிள்ளைக்குத் தெரியும், ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டிக் கொடுப்பது. ஒரு காதில் டாக்டர் பேசுவார், இன்னொரு காதில் சளிக்காரர் பேசுவார், காலுக்கடியில் ஒரு பெடல் டாக்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டும். நோயாளிகள் விவரம் வெளியே போகக் கூடாது என்பதால் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பாதுகாப்பு மென்பொருள் போட்டே ஆக வேண்டும் என்று போன மாதம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீதான் அங்கே உட்கார்ந்தபடியே எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, பழைய குப்பையையெல்லாம் கூட்டித் தள்ளி, நல்லதாகப் பார்த்து வாங்கிப் போட்டாய். அதன் அமைப்பை யாரும் மாற்றாதபடி பூட்டி, பாஸ்வேர்டையும் நீயே வைத்துக்கொண்டாய். உங்ககிட்ட குடுத்தா எதையாவது மாத்தி வச்சிருவீங்க, அதிலும் அம்மா கைய வச்சா அவ்வளவுதான் என்று சொல்லிச் சிரித்தாய். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அது கொஞ்சம் உறுத்தியது, அப்போது சொல்லவில்லை.

நானும் அப்பாவும் திரையைப் படிக்கிற முறை உனக்குத் தெரியும். சளிக்காரருக்குப் பிடிபடாத பெட்டி ஏதாவது திரையில் குதித்தால் அவர் திணறுவார், அப்பா என்னைக் கூப்பிடுவார். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அப்பா அதைக் கோத்து வார்த்தையாக்கி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார், நான் மவுஸை நகர்த்தி அமுக்குவேன். அந்த மவுஸ் மேஜையில் இருப்பதே எனக்காகத்தான், அப்பாவுக்கு எல்லாம் கீபோர்டில்தான். உங்க அண்ணன் மூளை, நான் கண்ணு என்று அத்தையிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். இப்படிப் பார்த்துப் பார்த்தே அனுமதி, தடு, ரத்து என்கிற மாதிரி நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளை எழுத்து கூட்டாமலே அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிட்டேன். இணையத்தில் எந்தப் பெட்டி வந்து எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம்னு சொல்லிடு, வேணும்கிறவன் மறுபடி வருவான் என்பது அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

அன்றைக்குக் காலையில் அப்பா குளியலறையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். நான் மேஜையைத் துடைக்கப் போனேன். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி, நடுவில் ஆச்சரியக்குறி, உள்ளே ஏதோ ஒரு பெயர், நான் பார்த்தே இராத பெயர். கீழே இரண்டு பொத்தான், ஒன்று அனுமதி, ஒன்று தடு. அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம், பத்தடி தூரத்தில்தான் இருந்தார். ஆனால் நீ சிரித்தது மனசில் இருந்தது. இது ஒன்றை நானே சமாளித்துவிட்டு அப்புறம் உன்னிடம் சாதாரணமாகச் சொல்ல வேண்டும், ஒரு திருட்டு நிரல் உள்ளே வரப் பார்த்தது, நான்தான் விரட்டினேன் என்று. தடு என்பதை அமுக்கினேன். பெட்டி மறைந்தது, பச்சையில் பெரிய டிக் ஒன்று வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்தேன்.

அப்பா வந்து உட்கார்ந்தார், ஹெட்போனை மாட்டினார், தட்டினார். மறுபடி தட்டினார். ஹெட்போனைக் கழற்றி ஊதினார், ஒயரை ஆட்டினார், வேறு ஹெட்போன் எடுத்து மாட்டினார். நான் விரட்டியது சளிக்காரரைத்தான் என்று அப்போதும் புரியவில்லை, ஆனால் நான் என்னமோ செய்திருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது. முனையில் கடை வைத்திருக்கிற கம்ப்யூட்டர் டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் வந்ததும் முதல் காரியமாக ஒரு பாட்டைப் போட்டு, சவுண்டெல்லாம் நல்லாத்தானே வருது சார் என்றார். அப்புறம் அங்கே இங்கே திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார், உங்க குரல் இருக்கில்ல, அது நீங்க தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் பாத்துக்கிட்டே இருக்கு, திருட்டு நிரலும் அதத்தான் செய்யும், அதனால இந்தப் பாதுகாப்புக்குச் சந்தேகம் வந்து கேட்டிருக்கு, இங்க யாரோ தடுன்னு குடுத்திருக்காங்க, இப்ப அத ஒரு ரூம்ல அடைச்சு வச்சிருக்கு, வெளிய விடணும்னா பாஸ்வேர்டு வேணும், புதுசா போட்டாலும் புடிச்சு உள்ள போட்டுரும். அந்தச் சிவப்புப் பெட்டியில் இருந்தது சளிக்காரரின் இங்கிலீஷ் பெயர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, நான்தான் கை தவறி எதையோ தட்டியிருப்பேன், வேற யாரு இருக்கா இங்க என்றார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெளி ஆள் இருக்கிறாரே, போனதும் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் போனதும் அப்பா முகத்தைப் பார்த்தேன், சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு அதற்கும் பிறகு. உனக்குப் போன் போட்டுப் பாஸ்வேர்ட் கேட்கலாம் என்றேன், வேண்டவே வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார். போதும் அந்த வேலை, இங்க வந்து எங்களோட இருங்கன்னு போன தடவையே சொன்னா, இது தெரிஞ்சா டிக்கெட்டே போட்டுருவா, நாமளே திறந்து பாக்கலாம் என்றார். அன்று சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் உன் பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் செல்லப் பெயர், குட்டியின் பெயர், நீ வளர்த்த பூனையின் பெயர், மாப்பிள்ளையின் பெயர் எல்லாம் போட்டோம். அவர் தட்டுவார், நான் திரையில் சிவப்பா பச்சையா என்று பார்த்துச் சொல்வேன். மாப்பிள்ளை பெயரும் இல்லை என்றதும் அப்பாவுக்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, மாப்பிள்ளை தப்பாக நினைக்க வேண்டாம். கடைசியில் இத்தனை தடவை தப்பாகப் போட்டதற்கு அதுவே எங்கள் முகத்தில் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. திரையில் மட்டும் அந்தப் பச்சை டிக் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இருந்ததை எழுத்து எழுத்தாக வாசித்தேன், உங்கள் கம்ப்யூட்டர் முழுப் பாதுகாப்பில் இருக்கிறதாம், அப்பா கோத்துச் சொன்னார்.

மறுநாள்தான் பெரிய வினை. வேலை குவிந்து கிடக்கிறது, விரலுக்கு இடம் தெரியும், சளிக்காரர் இல்லாமலே தட்டுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டேன், ஆனால் எழுத்தைப் பார்க்கத் தெரிந்த எனக்கு அர்த்தம் எங்கே மாறுகிறது என்று எப்படித் தெரியும். ஒரு நோயாளிக்கு எழுதிய நாலு வரி இன்னொரு நோயாளியின் அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, மருந்தும் அளவும் உட்பட. நல்ல வேளையாகக் கையெழுத்துப் போடுகிற டாக்டர் கண்ணில் பட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நோயாளி யாரோ ஒரு வீட்டு மனுஷர்தானே.

வேலையைப் பிரித்துக் கொடுக்கிற மேற்பார்வை மேடம் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, கத்தவும் இல்லை. என்னாச்சு சார், உங்ககிட்டருந்து இப்படி வந்ததே இல்லையே என்றார். அப்பா திரும்பவும் அதையேதான் சொன்னார், கை தவறி நானே குரலை நிறுத்திட்டேன், குரல் இல்லாம தட்டினேன், தப்பு என்னுடையதுதான் மேடம். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, கண்ணு தெரியாதவங்களுக்கு இந்தப் புதுப் பாதுகாப்போட இந்த வேலை சரிப்பட்டு வருமான்னு மேல கேக்கறாங்க சார், இப்ப உங்களுக்கு அனுப்புறத நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்காங்க, திங்கக்கிழமை பேசி முடிவு சொல்றேன் என்றார். அப்பா சரிங்க மேடம் என்று வைத்துவிட்டு ஹெட்போன் ஒயரைச் சுற்றி டப்பாவில் போட்டு மூடினார். அந்த டப்பாவை அவர் மூடி நான் பார்த்ததே இல்லை. நாள் முழுக்க எத்தனை தடவை மேஜைக்குப் போய் வந்தார் என்று எனக்குத் தெரியும், உட்கார்வார், வெறும் கீபோர்டைத் தடவுவார், எழுந்து வருவார்.

உனக்குப் புரிகிறதா கண்ணு. கண் தெரிகிறவள் நான் செய்த தப்பு, கண் தெரியாதவர் கணக்கில் ஏறியிருக்கிறது. இவ்வளவு வருஷம் ஒரு எழுத்துப் பிசகாமல் வேலை செய்த மனுஷனைப் பற்றி ஆஸ்பத்திரியில், பாவம், இவருக்கு முடியவில்லை என்று பேசுகிறார்கள். அத்தை வேறு கேள்விப்பட்டு வந்து, போதும் அண்ணா, இனிமே உக்காந்து சாப்பிடுங்க என்று ஆறுதல் சொன்னாள், அப்பா எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டார். இது அப்பாவோடு நிற்கிற விஷயமும் இல்லை. அதே ஆஸ்பத்திரி வேலையில் அப்பா சொல்லிச் சேர்த்துவிட்டாரே ஒரு பெண், அதுவும் பார்வை இல்லாத பெண்தான், சாரோட பேரைக் காப்பாத்துவேன் அம்மா என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாளே, இந்த முடிவு அவள் தலையிலும்தான் விழும். அவள் என்ன செய்தாள்? நினைத்தால் என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, பாஸ்வேர்டை அனுப்பு, இல்லாவிட்டால் நீயே உள்ளே நுழைந்து சளிக்காரரை வெளியே விடு, இனிமேல் அவரைப் பிடிக்காதபடி என்ன சொல்லி வைக்க வேண்டுமோ அதையும் சொல்லி வை. இரண்டு, மேற்பார்வை மேடத்துக்கு நல்ல இங்கிலீஷில் நீ ஒரு கடிதம் எழுது. பாதுகாப்பு மென்பொருள் சந்தேகப்பட்டுக் கேட்டது என்றும், அதற்குத் தடு என்று சொன்னது அவர் இல்லை, கண் நன்றாகத் தெரிகிற அவர் மனைவி என்றும் பச்சையாக எழுது. குரல் இல்லாமல் தட்டியது அவர் பிசகுதான், அதை மறைக்க வேண்டாம், ஆனால் அதற்கு முந்தியது என்னுடையது. எனக்கு அவமானமாக இருக்குமே என்று பார்க்காதே. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. தன் கையையே நம்பாமல் போய்விட்டாரே என்று பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, அவர் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்ல வேண்டியவள் நான்தான், என் நாக்குதான் எழவில்லை.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனேன், அதற்குள் ஒன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அப்பா பக்கத்து அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோவை நிறுத்தினார். இவ்வளவு நேரமா பேனா ஓடுதே, மகளுக்குத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். மவுஸை அமுக்கினதையும் எழுதிட்டியா என்றார். எழுந்து போய் அவர் எதிரில் நின்றேன், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே கேட்டுச்சு, ஒரே ஒரு தட்டு, இந்த வீட்ல அதத் தொடுறவ நீ ஒருத்திதானே, அதுக்கப்புறம்தான சளிக்காரர் வாயத் திறக்கல என்றார். அத்தனை நாளும் தெரியும். கம்ப்யூட்டர் டாக்டர் கேட்டபோது தெரியும், மேடம் கேட்டபோதும் தெரியும். நான் நின்றபடியே அழுதேன். மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட உனக்கு எழுதியிருக்கிறேன் என்றேன், வேண்டாம், கிழிச்சுப் போடு என்றார். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள நான் நினைக்கல, சரி, எழுதட்டும், திங்கக்கிழமைக்கு முன்னாடி போகணும்னு சொல்லு என்றார்.

நான் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன், மனசு கேட்கவில்லை, மறுபடி போய், என்னாலதான்னு தெரிஞ்சும் ஏங்க உங்க தலையில போட்டுக்கிட்டீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கோவமா கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டிருந்தா அடுத்த தடவை பெட்டி வரும்போது நீ பயந்துக்கிட்டுக் கிட்டயே வர மாட்ட, சளிக்காரர் போனா வேற ஒரு குரலைப் போட்டுக்கலாம், நீ படிக்கிறத நிறுத்திட்டா நான் யார்கிட்ட போவேன் என்றார்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. திங்கட்கிழமை என்ன சொல்லப்போகிறார்களோ என்ற பயம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் மறைக்க ஒன்றும் இல்லை, இனி நீ தாராளமாகப் போன் செய்யலாம். வந்து எங்களோடு இருங்கள் என்பதை மட்டும் இந்த வாரம் எடுக்காதே, நீ நல்லதுக்குத்தான் சொல்வாய், அவருக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். நீயும் வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே, குட்டிக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பான், சார்ஜர் ஒயரைத் தரையில் போட்டு வைக்காதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு கோணாமல், நீண்ட நாள் ஒன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

பாஸ்வேர்டை மறந்துவிடாதே. பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்துக்கும் இடைவெளி விட்டு அனுப்பு. நான் படிக்கிறேன், அப்பா தட்டுவார்.

இப்படிக்கு,
மவுஸை அமுக்கிய உன் அம்மா